மரம் நடாமல் விட வேண்டிய இடங்கள்

சென்னை தரமணியில் எந்த வளாகத்தில் சுற்றுச்சூழல் விழா நடந்தாலும் குழி தோண்டி மரக்கன்று வைப்பதுதான் முதல் வேலை. நல்ல வேலைதான். ஆனால் காட்டுயிர்களுக்கு இடம் தருவது என்றாலே மரம் நடுவது என்று ஆகிவிட்டதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தரமணிக்கு வடக்கே கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய ஐஐடி வளாகமும். தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம். இந்த இரண்டு இடங்களின் முக்கியமான உயிர்கள் பலவும் மரமில்லாத வெளியை நம்பி வாழ்பவை.

கிண்டிக் காப்புக்காடு ஒரு காலத்தில் 500 ஹெக்டேருக்கும் மேல் இருந்தது. 1959-இல் தொடங்கிய ஐஐடிக்கும் பிற நிறுவனங்களுக்கும் நிலம் போக, 1978-இல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். அந்தக் காட்டில் புதரும் உண்டு, மரமும் உண்டு. புள்ளிமானுக்கு அது போதும். வெளிமானுக்குப் போதாது. அது கண்ணையும் காலையும் நம்பிப் பிழைக்கும் விலங்கு. எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும், பார்த்ததும் தடையில்லாமல் ஓட வேண்டும். முறுக்கிய கொம்புடைய கரிய ஆண்மான் திறந்த தரையில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே புழுக்கை போட்டுக் குவித்து எல்லை குறிக்கும். அங்கே நின்றுதான் பெண்மான்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும். பிறந்த குட்டியைத் தாய் உயர்ந்த புல்லில் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும். புல்வெளியில் சீமைக்கருவேலம் ஏறினாலும், நல்லெண்ணத்தோடு நாம் வேம்பையும் புங்கையும் நட்டாலும், வெளிமானுக்கு விளைவு ஒன்றுதான்: வெளி மூடிவிடும்.

ஆகவே இங்கே புல்வெளியை மீட்டெடுப்பது என்பதில் மரத்தை வெட்டுவதும் அடக்கம். சீமைக்கருவேலத்தைத் தரையோடு அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதன் காயைத் தின்னும் கால்நடையும் மானும் விதையைச் சாணத்தோடு போகுமிடமெல்லாம் போடுகின்றன. அதனால் ஒருமுறை இயந்திரம் விட்டால் வேலை முடியாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றுகளைத் தேடிப் பிடுங்க ஆள் வேண்டும். அதற்குப் பணமும் ஒதுக்க வேண்டும். நம் திட்டங்கள் பலவும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

பள்ளிக்கரணையில் தண்ணீரின் ஆழம்தான் கணக்கு. நெடுங்கால் உள்ளான் நின்று இரை தேடுவது கணுக்கால் அளவுத் தண்ணீரில். நீலத்தாழைக்கோழிக்கு சம்பும் கோரையும் வேண்டும். கூழைக்கடாவுக்கு மீன் நிறைந்த ஆழம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு வடிந்து, கோடையில் சேறு தெரியக் காய்வது இதன் இயல்பு. ஒரே சதுப்பில் இத்தனை பறவைக்கும் இடம் கிடைப்பது அதனால்தான். ஏரியைத் தூர்வாருவதுபோல ஒரே ஆழத்துக்கு வெட்டிச் சுற்றிலும் உயரமாகக் கரை போட்டால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், பறவைகளில் பாதி வராது. ஆகாயத்தாமரையை அள்ளுவதும், கழிவுநீரை நிறுத்துவதும், பெருங்குடிக் குப்பைமேட்டைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்பதும் இங்கே எந்த மரத்தையும்விட அவசரம். 2022-இல் இதில் சுமார் 1,248 ஹெக்டேர், பன்னாட்டு ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் ராம்சர் தலமானது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த எல்லைக்கு வெளியேயிருந்து வரும் நீர்வழிகள் அடைபட்டால் உள்ளே செய்யும் வேலை நிலைக்காது.

எல்லாவற்றையும் இயற்கையிடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். இங்கிலாந்தின் நெப் பண்ணையில் மாடும் பன்றியும் குதிரையும் அவிழ்த்துவிடப்பட்டு, அவை மேய்ந்தும் கிளறியுமே புதரும் வெளியும் கலந்த நிலம் உருவானது. கிண்டியில் அப்படி விட்டுவிட முடியாது. சுற்றிலும் மதிலும் சாலையும் இருக்கும் சிறிய இடம். தெருநாயும் பிளாஸ்டிக்கும் மான்களைக் கொல்லும் இடம். இங்கே இயற்கையோடு கூடவே ஆள் நின்றாக வேண்டும்.

அடுத்த மரநடு விழாவுக்கு அழைப்பு வந்தால், குழி தோண்டுமுன் கேளுங்கள்: இந்த இடத்தில் இப்போது என்ன வளர்கிறது, மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எது வந்து மேய்கிறது? பதில் புல்லும் குட்டையும் என்றால், கன்றுகளைக் கட்டாந்தரையாகக் கிடக்கும் சாலையோரத்துக்குக் கொண்டுபோகலாம்.