ஆன்லைனில் படித்தால் டாக்டர் ஆக முடியுமா? உக்ரைனில் இருந்து திரும்பிய மாணவர்களுக்கு என்ன சிக்கல்?

2022 பிப்ரவரி 24-ம் தேதி உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தது. அங்கே மருத்துவம் படித்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள், 'ஆபரேஷன் கங்கா' விமானங்களில் ஊர் திரும்பினார்கள். சில வாரங்களில் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆன்லைன் வகுப்புகளைத் தொடங்கின. அப்புறம் என்ன பிரச்னை?

செல்போனில் எதைக் கற்க முடியாது?

மருந்தியல், நோயியல் பாடங்களை வீடியோவில் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். ஆனா, வயிற்றைத் தொட்டுப் பார்த்து கல்லீரல் வீக்கத்தை அறிவது, ஸ்டெதஸ்கோப்பில் இதயத்துடிப்பின் மாற்றத்தைப் பிடிப்பது, பிரசவம் பார்ப்பது... இதெல்லாம் வார்டில் நின்று பழகினால்தான் கைக்கு வரும்.

விதி என்ன சொல்லுது?

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதங்கள் படிக்கணும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதங்கள் இன்டர்ன்ஷிப்பும் முடிக்கணும். ஆன்லைனில் மட்டுமே படித்த மருத்துவப் படிப்பை ஆணையம் ஏற்பதில்லை.

கிடைத்த வழி என்ன?

2022 ஜூன் 30-க்குள் படிப்பை முடித்த இறுதியாண்டு மாணவர்கள், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ தேர்வை எழுத அனுமதி கிடைத்தது. ஆனால் தேர்ச்சி பெற்றாலும், வழக்கமான 1 ஆண்டுக்குப் பதில் 2 ஆண்டுகள் இந்திய மருத்துவமனையில் பயிற்சி கட்டாயம். விட்டுப்போன நேரடிப் பயிற்சியை ஈடுகட்டத்தான் அந்தக் கூடுதல் வருஷம்.

மற்ற மாணவர்கள் வேறு நாட்டுக் கல்லூரியில் படிப்பைத் தொடர, 2022 செப்டம்பரில் ஆணையம் ஒப்புக்கொண்டது.

ஃபீஸ் கட்டியாச்சு, வகுப்பும் நடந்தது. ஆனாலும் மருத்துவப் படிப்பில், நோயாளி பக்கத்தில் நின்று கற்காத நாட்களை எப்படியும் ஈடுகட்டியே ஆகணும்.