கோதுமை நோய்க்குத் துப்புக் கொடுத்த டெக்ஸ்ட் பைல்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் நோட்பேடைத் திறந்து நம் பெயரை டைப் செய்து பார்ப்போம். பிறகு அதை மறந்து விடுவோம். படம் வராது, கலர் வராது, இதனால் என்ன பயன் என்று நானும் நினைத்ததுண்டு. அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பூஞ்சை!

நெற்பயிரில் வரும் குலை நோயைப் பலரும் அறிவீர்கள். பைரிகுலேரியா ஒரைசே என்னும் பூஞ்சைதான் அதற்குக் காரணம். இதே பூஞ்சையின் இன்னொரு வகை கோதுமையைத் தாக்கும். கதிர் வெளுத்து, மணி பிடிக்காமல் போய்விடும். கோதுமையில் இந்த நோய் முதன்முதலில் 1985ல் பிரேசில் நாட்டில் காணப்பட்டது.

2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் கோதுமைக் கதிர்கள் வெளுக்கத் தொடங்கின. சுமார் 15,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. நோய் பரவாமல் தடுக்கச் சில வயல்களுக்குத் தீ வைத்தார்கள். ஆசியாவில் இந்த நோய் தோன்றியது அதுவே முதல் முறை.

உள்ளூரா, வெளியூரா?

அங்குள்ள நெல் வயல்களில் இருந்த பூஞ்சையே கோதுமைக்குத் தாவியதா? அல்லது வெளிநாட்டிலிருந்து வந்ததா? விடை தெரிந்தால்தான் அடுத்த வேலை. உள்ளூர்ப் பூஞ்சை என்றால் பக்கத்து நெல் வயலைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பூஞ்சை என்றால் இறக்குமதியாகும் தானியத்தையும் விதையையும் கவனிக்க வேண்டும்.

காஜிப்பூர் வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் தொஃபஸல் இஸ்லாம், இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள சோஃபியன் காமூன், டயான் சாண்டர்ஸ் ஆகியோருடன் கைகோத்தார். நோயுற்ற இலைகள் நார்விச் சென்றன. அந்த இலைகளில் இருந்தே பூஞ்சையின் மரபணு எழுத்துகளை மெஷின்கள் படித்தன.

மரபணு ஒரு டெக்ஸ்ட் பைல்

டிஎன்ஏவில் ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள். இந்தப் பூஞ்சையின் முழு மரபணுத் தொகுப்பில் சுமார் 4 கோடி எழுத்துகள் உள்ளன. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிடுங்கள். மொத்தம் சுமார் 40 எம்பி. பத்து எம்பி3 பாடல்களின் அளவுதான்! நெல்லைத் தாக்கும் வகையின் தொகுப்பு 2005லேயே நேச்சர் இதழில் வெளியாகி, எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருந்தது.

பொதுவாக ஆய்வாளர்கள் கட்டுரை வெளியாகும் வரை தங்கள் டேட்டாவைப் பூட்டி வைப்பார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஓப்பன் வீட் பிளாஸ்ட் என்ற இணையதளம் அமைத்து, யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம் என்று போட்டு விட்டார்கள். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர ஆய்வாளர்கள் அதை எடுத்து, பிரேசில் பூஞ்சைகளின் டேட்டாவோடு ஒப்பிட்டார்கள்.

ஒப்பிடுவது எப்படி? ஒரு கடிதத்தை இருவர் பார்த்து எழுதுகிறார்கள். இருவரிடமும் அதே இடத்தில் அதே எழுத்துப்பிழைகள் இருந்தால், மூலம் ஒன்றுதானே? அதே முறைதான். வங்கதேசப் பூஞ்சை நெல் வகையோடு சேரவில்லை, பிரேசில் கோதுமை வகையோடு சேர்ந்தது. 2016லேயே பிஎம்சி பயாலஜி இதழில் முடிவு வெளிவந்தது.

எதிர்ப்புத் திறன் கொண்ட பாரி கோம் 33 என்ற கோதுமை ரகத்தை வங்கதேசம் 2017ல் வெளியிட்டது. 2018ல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவிலும் நோய் தோன்றியது. அங்கும் அதே வம்சம்தான், ஆனால் தனியாக வந்து சேர்ந்தது என்று 2023ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆர்எம்ஜி8 என்ற கோதுமை மரபணு இந்த வம்சத்தை எதிர்க்கும் என்பதும் அதில் தெரிந்தது.

நீங்களும் பார்க்கலாம்

அமெரிக்க அரசின் என்சிபிஐ தளத்தில் இந்தப் பூஞ்சையின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள். ஜீனோம் பகுதியில் டவுன்லோட் செய்யலாம், கட்டணம் இல்லை. கிடைப்பது ஜிப் பைல். அதை விரித்தால் எஃப்என்ஏ என்று முடியும் பைல் இருக்கும். டபுள் க்ளிக் செய்தால் எந்த புரோகிராமில் திறப்பது என்று கம்ப்யூட்டர் கேட்கும். நானும் முதலில் பைல் கெட்டு விட்டதோ என்று பயந்தேன். ரைட் க்ளிக் செய்து, ஓப்பன் வித் பிரிவில் நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பைல் என்பதால் திறக்கச் சற்று நேரமாகலாம், பொறுத்திருங்கள். முதல் வரி ‘>’ என்ற குறியுடன் தொடங்கும். அதன் கீழே எல்லாம் அந்த நான்கு எழுத்துகள்தான்.

அதிலிருந்து நான்கைந்து வரிகளை காப்பி செய்து, அதே தளத்தில் உள்ள பிளாஸ்ட் என்ற தேடுதல் வசதியில் பேஸ்ட் செய்யுங்கள். இது எந்த உயிரினம் என்று அதுவே சொல்லும். (நோயின் ஆங்கிலப் பெயரும் பிளாஸ்ட்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, குழம்ப வேண்டாம்.)

நான் செய்து பார்த்தபோது பூஞ்சையின் பெயர் திரையில் வந்தது. வங்கதேச விவசாயிக்கு உதவிய ஆய்வாளர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். யாரோ பூட்டாமல் வைத்த ஒரு பைல், அதைத் திறந்து பார்த்த இன்னொருவர். அவ்வளவுதான்!