பிடித்த வரி திரும்பி வரும்

வருமான வரி என்பது வசதி படைத்தவர்களின் விவகாரம் என்றே நானும் எண்ணியிருந்தேன். என் தந்தையார் வெள்ளையடிக்கும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர். 2024-25 நிதியாண்டில் ஒரு கட்டட நிறுவனம் அவருக்குரிய 2,40,000 ரூபாயில் நூற்றுக்கு ஒன்று வீதம் 2,400 ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டது. வேறு வருமானம் அவருக்கு இல்லை.

"சர்க்காருக்குப் போன காசு திரும்பியா வரும்?" என்று அவர் விட்டுவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. என் தேர்வுக் கட்டணம் அதற்குள் அடங்கும்.

அவருடைய பான் எண்ணில் அத்தொகை வரவாகியிருப்பதை 26ஏஎஸ் படிவம் காட்டியது. அந்த ஆண்டு பழைய முறையில் இரண்டரை லட்சம் வரையிலும், புதிய முறையில் மூன்று லட்சம் வரையிலும் வரி கிடையாது. ஆகவே பிடித்தது முழுவதும் அவர் பணமே. ஆனால் நண்பர்களே, கேட்காமல் அது வராது. வருமானக் கணக்கைத் தாக்கல் செய்வதுதான் கேட்கும் வழி.

சிறு தொழில் செய்வோருக்கான நான்காம் எண் படிவத்தை 2025 ஆகஸ்டில் இணையத்தில் நானே நிரப்பினேன். (கடைசி நாள் அவ்வாண்டு செப்டம்பர் 16 வரை நீட்டிக்கப்பட்டது.) அனுப்பிய 30 நாட்களுக்குள் உறுதி செய்ய வேண்டும்; ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கொடுப்பது அதற்கு ஒரு வழி. தந்தையாரின் பழைய எண் எப்போதோ செத்துப் போயிருந்தது. அதை மாற்றவே அலைச்சல்!

அக்டோபரில் பணம் வந்தது. பாஸ் புத்தகத்தில் பதிந்த வரியை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.