நுண்ணுயிர்ப் படிப்பு: பிள்ளையை அனுப்பலாமா?



பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மாதங்களில் கிராமங்களுக்குப் போனால், உரம், பூச்சி மருந்து பற்றிக் கேட்கிறவர்களை விட, "பொண்ணு மைக்ரோபயாலஜி படிக்கணும்னு சொல்லுது, பயோடெக்னாலஜின்னு சொல்லுது, அதைப் படிச்சா சோறு போடுமாங்க?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். நியாயமான கேள்வி. சில பேர் இதற்காகக் காணியை விற்கக்கூடத் துணிந்து விடுகிறார்கள். ஆகவே அந்தப் படிப்பு என்ன, அதில் கல்லூரி ஆசிரியராகவும் ஆராய்ச்சியாளராகவும் போகிற பாதை எப்படிப்பட்டது என்று இன்று பார்க்கலாம்.

முதலில் வேலை என்னவென்று தெரிந்து கொள்வோம். நிலக்கடலைச் செடியைப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதற்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. இந்த முடிச்சுப் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டின் பெய்ஜரிங்க், ஆண்டு 1888.

இந்தப் படிப்பை எடுத்துக் கொண்ட ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். யோஹன்னா டோபரைனர் என்பது பேர். 1924-இல் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்தவர். உலகப் போர் முடிந்த கையோடு குடும்பம் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாகி, ஜெர்மனியில் பண்ணை வேலைக்குப் போனார். மாடு கறந்தார், எரு அள்ளினார். பிறகு மியூனிக்கில் விவசாயம் படித்து, 1950-இல் பிரேசில் நாட்டுக்குப் போய், அடுத்த வருஷமே ரியோ நகரத்துப் பக்கத்தில் ஒரு மண் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது டாக்டர் பட்டம் கிடையாது. மேல்பட்டமே 1963-இல்தான், அமெரிக்காவில் விஸ்கான்சினில் வாங்கினார்.

சோயாவுக்குத் தழைச்சத்து உரமே வாங்காமல் பாக்டீரியாவை நம்பிப் பயிர் செய்கிற முறை பிரேசிலில் வேர் பிடித்ததில் இந்த அம்மாவுக்குப் பெரும் பங்கு உண்டு. முடிச்சு போடாத புல் இனங்களின் வேரிலும் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கிற பாக்டீரியா இருக்கிறதா என்று தேடினார். நெல்லும் கரும்பும் சோளமும் புல் இனம்தானே? தேடிய விதம்தான் கவனிக்க வேண்டியது. தழைச்சத்தே இல்லாத ஒரு கரைசலை, கூழ் பதத்துக்குக் கொஞ்சமாகக் கெட்டிப்படுத்தி, அதில் வேர்த் துண்டைப் போட்டு வைத்தார். தழைச்சத்து இல்லாத இடத்தில் சாதாரணக் கிருமி வளர முடியாது. காற்றிலிருந்து எடுக்கத் தெரிந்தது மட்டும் வளரும். ஆனால் அதற்கும் அதிகக் காற்று ஆகாது. ஆகவே பரப்புக்குச் சற்றுக் கீழே, காற்று அளவாக இருக்கிற இடத்தில், பால் ஏடு மாதிரி வெள்ளையாக ஒரு படலம் கட்டும். அந்த ஏட்டைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்து விடலாம். 1978-இல் அந்தப் பாக்டீரியாவுக்கு வைத்த பேர்தான் அசோஸ்பைரில்லம். நாற்று நனைக்க நீங்கள் வாங்குகிறீர்களே, அதேதான்.

சரி, இன்னும் ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி அசோஸ்பைரில்லம் தூள் பாக்கெட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். திரவமாக இருந்தால் ஒரு மில்லிக்கு 10 கோடி. 2006-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரத்தைச் சேர்த்த பிறகு வந்த கணக்கு இது. கடை வாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட்டில் இத்தனை இருக்குமா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கிராமை எடுத்து நீரில் கரைத்து, அதில் பத்தில் ஒரு பங்கை மறுபடி கரைத்து, இப்படி ஆறேழு தடவை நீர்த்து, தட்டில் ஊற்றி வளர்த்து, முளைத்த புள்ளிகளை எண்ணித்தான் சொல்ல முடியும். எண்ணத் தெரிந்தவர் வேண்டும். தாய் வித்து கெடாமல் வருஷக் கணக்கில் காப்பாற்றுகிறவர் வேண்டும். உவர் மண்ணைத் தாங்குகிற ரகம் எது, வறட்சியைத் தாங்குகிற ரகம் எது என்று தேடுகிறவர் வேண்டும். அவர்களுக்கு இதையெல்லாம் கற்றுக் கொடுக்கிற ஆசிரியரும் வேண்டும்.

உரத்தோடு இது நிற்கவில்லை. சாண எரிவாயுவும் நுண்ணுயிர் வேலை, கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து எத்தனால் வருவதும் ஈஸ்ட் செய்கிற வேலை. பூமிக்கடியில் தோண்டுகிற எண்ணெய்க்குப் பதில், வயலில் விளைவதையும் கழிவையும் கொண்டு நுண்ணுயிர் மூலம் பொருள் செய்வதை உயிரிப் பொருளாதாரம் என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கென்று ஒரு கொள்கைக்கே ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

இனி பாதைக்கு வருவோம். இது நீளமான பாதை என்பதை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. விவசாயம் 4 வருஷம். அதற்குப் பிறகு எம்.எஸ்சி.யில்தான் வேளாண் நுண்ணுயிரியல் என்று தனியாகப் பிரியும். அது 2 வருஷம். டாக்டர் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருஷம், பல பேருக்கு அதற்கு மேலும் ஆகும். வேளாண் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக நெட் தேர்வும் எழுத வேண்டி வரலாம். அதற்குப் பிறகும் காலி இடம் வர வேண்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளை நிரந்தர வேலையில் உட்காரப் பத்து வருஷம் ஆகலாம் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். முதல் பட்டத்தோடு நின்றால் கிடைக்கிற வேலை பெரும்பாலும் பரிசோதனைக் கூட வேலை, சம்பளம் சொற்பம்தான்.

ஆனால் இதற்காக நிலத்தை விற்க வேண்டியதில்லை. பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2021-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி விவசாயப் படிப்பிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதில் இடம் பெறுகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக் கொள்வதாக அறிவித்தது. எம்.எஸ்சி. சேரும்போது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேர்வில் முன்னணியில் வந்தால் உதவித்தொகை உண்டு. அறிவியல் கல்லூரி வழியாகப் போகிறவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், 2023-இல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். எல்லாருக்கும் கிடைத்து விடாது, போட்டி கடுமை. ஆனாலும் கைக்காசு போட்டு ஆராய்ச்சி செய்கிற நிலை இல்லை.

அதிகப் பணம் கேட்டு இடம் தருகிற கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பயோடெக்" என்று பலகை மாட்டி விட்டால் ஆயிற்றா? பணம் கட்டுகிறதுக்கு முன்னால் நேரில் போய்க் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் எத்தனை இருக்கிறது, ஒரு வகுப்புக்கு எத்தனை மைக்ரோஸ்கோப், பிள்ளைகள் தாங்களே தட்டு ஊற்றி எண்ணுகிறார்களா அல்லது தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். மேஜையில் தூசி படிந்திருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று தெரிந்து கொள்ளலாம். இதைக் கேட்க உங்களுக்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை.

பிள்ளையையும் கூடவே கூட்டிக் கொண்டு போங்கள். உயிர் உரம் தயாரிக்கிற இடம் பக்கத்தில் இருந்தால், வட்டார வேளாண்மை அலுவலரிடம் சொல்லி ஒரு நாள் அதையும் காட்டுங்கள். காலையில் தட்டைத் திறந்து புள்ளி எண்ணுகிற வேலை அதற்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்து போகும்.