இருபத்தைந்தாவது மரணம்

அமைதிக்கு ஒரு பட்டம் – 6

சென்ற வாரம் வேல்ஸில் இருந்தோம். முதல் உலகப்போரில் மாண்டுபோன மாணவர்களின் நினைவாக 1919-ல் அபரிஸ்ட்வித் கல்லூரியில் சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் இருக்கை உருவான கதையைப் பார்த்தோம். 1936-ல் அதே இருக்கைக்கு வந்த ஈ.எச்.கார், நல்லெண்ணத்தை நம்பிக்கொண்டிருந்த துறையை அதிகாரத்தின் பக்கம் திருப்பிவிட்டதையும் பார்த்தோம். அரசுகள், படைபலம், கூட்டணிகள், பேரங்கள்… சர்வதேச உறவுகள் வகுப்பில் இன்றும் இவைதான் பேச்சு.

இந்த வாரம் பக்கத்து வகுப்பறை. அமைதி ஆய்வு. பல இடங்களில் இரண்டு பாடங்களும் ஒரே முதுகலைக்குள் வருகின்றன. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டத்தின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இரண்டும் கேட்கும் முதல் கேள்வி வேறு வேறு. அங்கே, ‘யார் கை ஓங்கியிருக்கிறது?’ இங்கே, ‘எத்தனை பேர் செத்தார்கள்?’

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது சுலபம் என்றுதான் வகுப்புக்கு வரும்வரை எல்லோரும் நினைக்கிறார்கள்.

24-க்கும் 25-க்கும் நடுவே

ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் எழுபது கிலோமீட்டரில் உப்சாலா. 1477-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. ஐ.நா.வின் இரண்டாவது பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்ட் வளர்ந்த ஊர். காங்கோ சண்டையை நிறுத்தும் முயற்சியில் 1961-ல் பறந்துகொண்டிருந்தபோது விமானம் விழுந்து இறந்த அவரை அடக்கம் செய்ததும் இதே ஊரில்தான். 1971-ல் இங்கே அமைதி மற்றும் மோதல் ஆய்வுத் துறை தொடங்கியது. 1985-ல் ஹாமர்ஷீல்ட் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை வந்தது. அதில் முதலில் அமர்ந்தவர் பீட்டர் வாலன்ஸ்டீன். உலகத்தின் மோதல்களை ஆண்டுதோறும் எண்ணிப் பதியும் உப்சாலா மோதல் தரவுத் திட்டம் இந்தத் துறையில்தான் இயங்குகிறது. உலகில் எங்கே அமைதி ஆய்வு படித்தாலும் இந்தத் தரவைத் தொடாமல் பட்டம் வாங்குவது கடினம்.

அதன் அடிப்படை வரையறை இதுதான். ஆட்சிக்காகவோ நிலத்துக்காகவோ இரு தரப்புகள் ஆயுதம் ஏந்தி மோத வேண்டும். அதில் ஒரு தரப்பாவது ஒரு நாட்டின் அரசாக இருக்க வேண்டும். அந்த மோதலில் ஓர் ஆண்டுக்குள் குறைந்தது 25 பேர் இறந்திருக்க வேண்டும். அப்படியானால் அது ஆயுத மோதல். எண்ணிக்கை 1,000-ஐத் தொட்டால் போர்.

24 பேர் இறந்திருந்தால்? அந்த ஆண்டுப் பட்டியலில் அந்த மோதல் இல்லை.

வகுப்பில் யாராவது ஒருவர் கொதித்துப்போவது இங்கேதான். இருபத்துநான்கு வீடுகளில் இழவு விழுந்திருக்கிறது, அது மோதல் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் இதே கேள்வி வரும். கோடே வேண்டாம் என்றால் தெருச்சண்டையும் உலகப்போரும் ஒரே வரிசையில் நிற்கும். அப்படியும் ஒருவர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

வானிலைக்காரர் எண்ணிய சண்டைகள்

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் ஒரு வானிலை விஞ்ஞானி. நாளைய மழையை இன்றே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று 1922-லேயே புத்தகம் எழுதியவர். இன்றைய கணினி முன்னறிவிப்புகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. போரில் கொல்லக் கூடாது என்ற கொள்கை கொண்ட குவேக்கர் கிறிஸ்தவர் அவர். முதல் உலகப்போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். போர் முடிந்ததும் பிரிட்டனின் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனது. 1920-ல் வேலையை விட்டுவிட்டார்.

பிறகு வானத்தை எண்ணிய கையால் சாவை எண்ணத் தொடங்கினார். தனிக் கொலையிலிருந்து உலகப்போர்வரை, மனிதரை மனிதர் கொன்ற எல்லாமே அவருக்கு உயிர்கொல்லிச் சண்டைகள்தான். நிலநடுக்கத்துக்கு இருப்பதுபோல் ஓர் அளவுகோல் அமைத்தார். ஒருவர் இறந்தால் அளவு 0. பத்துப் பேர் என்றால் 1. நூறு பேர் என்றால் 2. உலகப்போர்கள் 7-ஐத் தொட்டன. போர்கள் தொடங்கும் காலத்தில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று தேடினார். கிடைத்த விடை அவருக்கே உவப்பாக இருந்திருக்காது. போர் வெடிக்கும் ஆண்டுகள், தற்செயல் நிகழ்வுகளின் கணக்குக்கு நெருக்கமாகப் பொருந்தின. 1953-ல் இறந்தார். போர்க் கணக்குகள் முழுப் புத்தகங்களாக வெளிவந்தது 1960-ல்.

அதன் பிறகு கோடுகள் வந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1963-ல் டேவிட் சிங்கர் தொடங்கிய திட்டம், போர் என்பதற்கு 1,000 களப்பலிகள் என்று வரையறுத்தது. பெரிய போர்களுக்கு அது சரி. ஆனால் கனன்று கொண்டிருக்கும் சிறு மோதல் பெரும் தீயாகும்வரை அந்தப் பட்டியலின் கண்ணில் படாது. உப்சாலா கோட்டை 25-க்கு இறக்கியதன் பயன், போராக மாறக்கூடிய மோதலை முளையிலேயே பார்க்க முடிவது.

சரி, அந்த 25 பேர் யார்? சிப்பாய்களும் இடையில் சிக்கி இறந்த பொதுமக்களும். குண்டு விழாமல், மருந்து கிடைக்காமல், முகாமில் வயிற்றுப்போக்கில் இறந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஆயுதமில்லாத மக்களைக் குறிவைத்து அரசோ ஆயுதக் குழுவோ கொன்றால் அதற்கு ‘ஒருதலை வன்முறை’ என்று தனிப்பெட்டி. இரண்டு ஆயுதக் குழுக்கள் அரசு இல்லாமல் தங்களுக்குள் மோதினால் அதற்கு இன்னொரு பெட்டி. ருவாண்டாவில் 1994-ல் நடந்த இனப்படுகொலையின் பெரும்பகுதி, மோதல் பலிகள் பெட்டியில் வராது, ஒருதலை வன்முறைப் பெட்டியில் வரும். முதல் பெட்டியை மட்டும் திறந்து பார்த்து, ‘1994-ல் ஆப்பிரிக்காவில் இத்தனை பேர் பலி’ என்று எழுதுகிற மாணவருக்கு ஆய்வேட்டில் சிவப்பு மை விழும்.

மூன்று எண்கள்

ஒவ்வொரு சம்பவத்துக்கும் உப்சாலா ஒரே எண்ணைத் தருவதில்லை. குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு, சிறந்த மதிப்பு என்று மூன்று தருகிறது. ஏன் மூன்று என்று புரிய 2009 போதும்.

இலங்கைப் போரின் கடைசி மாதங்கள். 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை ஐ.நா.வின் இலங்கை அலுவலகம் தொகுத்த கணக்கில் 7,721 பேர் பலி, 18,479 பேர் காயம். ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தக் கணக்கு மிகக் குறைவாகவே இருக்கும் என்றது. பொதுமக்கள் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றும் சொன்னது. ஐ.நா. தன் சொந்தச் செயல்பாட்டை ஆராய அமைத்த சார்லஸ் பெட்ரி குழு 2012-ல், 70,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை எனக் காட்டும் தகவல்களைக் குறிப்பிட்டது. பொதுமக்களில் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்ற கொள்கையோடு போரிட்டதாகக் கொழும்பு சொன்னது.

ஒரே மண், ஒரே மாதங்கள். எண்கள் இவ்வளவு விலகுவது ஏன்? முதல் எண்ணைத் தொகுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. சரிபார்க்க முடிந்ததை மட்டும் சேர்த்தார்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய பிறகு, களத்தில் சரிபார்க்கும் கண்கள் அருகிக்கொண்டே போயின. பத்திரிகையாளர்களுக்கு அனுமதியில்லை. இறந்தவர்கள் எல்லோரும் மருத்துவமனைப் பதிவேட்டுக்கு வந்து சேர்வதுமில்லை.

அமைதி ஆய்வு மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் கசப்பானது. எண்ணும் முறை எவ்வளவு கறாராக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது சாட்சிகளை நம்பியிருக்கிறது. ஆகவே களத்திலிருந்து சாட்சிகளை விரட்டிவிட்டவருக்கு அந்தக் கறாரே சாதகமாகிவிடுகிறது. எந்தப் போர் அதிகம் மூடப்பட்டதோ, அதன் ‘உறுதிசெய்யப்பட்ட’ எண் அவ்வளவு சிறியதாக நிற்கும். சின்ன எண்ணைப் பார்த்தவுடன் ‘சின்னப் போர்’ என்று எழுதிவிடாமல், அங்கே பார்க்க யார் இருந்தார்கள் என்று கேட்பவரே இந்தப் படிப்பைப் படித்தவர்.

கொலைகாரன் இல்லாத கொலை

இதுவரை பார்த்த எல்லா எண்ணிலும் ஒரு கை ஆயுதத்தைப் பிடித்திருந்தது. கை இல்லாத சாவு?

நார்வேயின் யோஹான் கால்டுங் இதைக் கேட்டார். இளம் வயதில் ராணுவ சேவைக்கு மறுத்துச் சிறை சென்றவர். தத்துவ அறிஞர் ஆர்னே நெஸ்ஸுடன் சேர்ந்து காந்தியின் அரசியல் அறம் பற்றி 1955-ல் நூல் எழுதியவர். 1959-ல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தையும், 1964-ல் இந்தத் துறையின் முக்கிய ஆய்விதழையும் தொடங்கினார். 1969-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் முதல் பருவத்திலேயே படிக்கப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயில் இறந்தால் அதை வன்முறை என்று சொல்வது கடினம். மருந்து இருக்கிற இந்தக் காலத்தில் அதே நோயில் இறந்தால் அங்கே வன்முறை இருக்கிறது என்பது அவர் வாதம். சுட்டவர் யாருமில்லை. சமூகத்தின் அமைப்பே கொல்கிறது. போர் இல்லாதிருப்பது பாதி அமைதி. இந்த வன்முறையும் இல்லாதிருப்பதே முழு அமைதி.

இந்த யோசனை ஸ்காண்டிநேவியாவில் மட்டும் முளைத்ததல்ல. வாரணாசியின் காந்திய ஆய்வு நிறுவனத்திலிருந்த சுகத தாஸ்குப்தா, 1960-களின் பிற்பகுதியிலேயே சர்வதேச அமைதி ஆய்வு மாநாட்டில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். போரே நடக்காத ஏழை நாடுகளிலும் மக்கள் அமைதியின்றி வாழ்கிறார்கள், அணு ஆயுதத்தைப் பற்றி மட்டும் பேசும் ஆய்வு அவர்களைப் பார்ப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. கால்டுங்கின் பெயர் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. தாஸ்குப்தாவைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

எதிர்ப்பும் வலுவாக வந்தது. பொருளாதார அறிஞர் கென்னத் போல்டிங், கால்டுங்கோடு பன்னிரண்டு நட்பான சண்டைகள் என்று 1977-ல் ஒரு கட்டுரையே எழுதினார். வறுமை, நோய், ஏற்றத்தாழ்வு எல்லாவற்றையும் வன்முறை என்று அழைத்தால், துப்பாக்கியை எப்படி இறக்கிவைப்பது என்ற கேள்வி கூட்டத்தில் தொலைந்துபோகும் என்பது அந்தத் தரப்பின் கவலை. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. உப்சாலாவின் 25, போல்டிங் பக்கத்தில் நிற்கிற எண். குறுகலானது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம், யாரும் திரும்ப எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க, 2002 பிப்ரவரி 22-க்குப் பிந்தைய இலங்கை பொருத்தமான களம். நார்வே நடுநிலையில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. களப்பலிகள் சட்டென்று இறங்கின. ஏ-9 சாலை திறந்தது. எண் மட்டும் தெரிந்தவர் அமைதி வந்துவிட்டது என்று எழுதியிருப்பார். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தின் உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் வீடும் வயலும் சிக்கியவர்கள் வெளியே காத்திருந்தார்கள். 1990-ல் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் இன்னும் புத்தளத்தில்தான் இருந்தார்கள். சிறுவர்களைப் படைக்குப் பிடிப்பது நிற்கவில்லை. மாற்றுக் கருத்து கொண்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கால்டுங்கைப் படித்தவருக்கு இவை தெரிந்திருக்கும். ஆனால் சண்டை நின்றதால் பிழைத்த உயிர்களின் கணக்கைச் சொல்ல, உப்சாலாவின் எண்தான் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை மறைக்கிறவர் எந்தத் தரப்பில் நின்றாலும் அவர் ஆய்வாளர் இல்லை, வக்கீல்.

வேலை கிடைக்குமா?

வாசகர்கள் சிலர் கேட்டிருந்த கேள்வி. ஐ.நா. அமைப்புகள், மனித உரிமை நிறுவனங்கள், வெளியுறவுத் துறைகள், ஆய்வு மையங்கள், செய்தி நிறுவனங்கள் ஆகியவை இந்தப் பட்டதாரிகள் போகும் வழக்கமான இடங்கள். புள்ளியியலும் இன்னொரு மொழியும் தெரிந்தவருக்குக் கதவு சற்று அகலமாகத் திறக்கும். செலவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஸ்வீடன் 2011 முதல் கல்விக் கட்டணம் வாங்குகிறது. ட்யூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ரோட்டரி அமைதி உதவித்தொகை கிடைத்தால் உப்சாலா, பிராட்ஃபோர்ட் போன்ற இடங்களில் படிக்கலாம். விண்ணப்ப விவரங்களுக்குத் தொடரின் கடைசியில் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

விண்ணப்பக் கடிதத்தில் ‘உலக அமைதிக்காகப் பாடுபட விரும்புகிறேன்’ என்று எழுதுவதைவிட, எந்த மோதலின் எந்தக் கணக்கை நீங்கள் நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்பது அந்தப் பத்தியை எழுதும்போதே தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் நடுவர்கள். ஆஸ்லோவிலிருந்து கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் பறந்த நார்வே, தன் முயற்சி எங்கே தவறியது என்று வெளியாட்களைக் கொண்டு ஆராயச் செய்து, 2011-ல் அந்த அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டது. நிலையான அமைதியைக் கொண்டுவருவதில் தோற்ற ஒரு சமாதான முயற்சியைப் பாடப்புத்தகமாகப் படிப்பது எப்படி?

(தொடரும்)