கழுத்து நோவுக்குத் தைலம் மட்டும் போதாது



"ஐயா, மூணு மாசமா கழுத்து நோவு. கோடாலித் தைலம் தேய்ச்சேன், கடையில மாத்திரை வாங்கிப் போட்டேன், விடலே." தோட்ட ஆஸ்பத்திரியில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தைலமும் மாத்திரையும் நோவைக் கொஞ்ச நேரம் அடக்கும். ஆனால் வலி மாத்திரையை மாதக்கணக்கில் நாமாகப் போட்டால் வயிற்றுப் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம்.

பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் இப்படித்தான் வந்தார். மேல்பட்டையை அண்ணாந்து பார்த்து வெட்டியும், காண்டாவை ஒரே தோளில் சுமந்தும் கழுத்து இறுகிவிட்டது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அவர் மகள் சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நாள் முழுதும் குனிந்தே வேலை. அவளுக்கும் அதே நோவு.

ஈசூனும் ஒரு காலத்தில் நம்மைப்போல் தோட்டக்காடுதான். லிம் நீ சூன் என்பவரின் ரப்பர், அன்னாசித் தோட்டங்கள் அங்கே இருந்தன. அவர் பெயரின் மாண்டரின் உச்சரிப்புத்தான் ஈசூன். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும், 2010இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையும் நிற்கின்றன. தொழில் மாறிப்போச்சு, கழுத்து நோவு மட்டும் போகலே!

மகளுக்கு பிசியோதெரபியில் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்கள். தீபாவளிக்கு வந்தவள் அதை அப்பாவுக்குக் காட்டினாள். பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு விடாமல் செய்தார். இரண்டு மாதத்தில், "அடியோட போகலே ஐயா, ஆனா ராத்திரி தூங்குறேன், வேலைக்கும் போறேன்" என்றார்.

இது எப்படி? நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குவது 7 சிறு எலும்புகளும் சுற்றியுள்ள தசைகளும். நோவு வந்தால் பயந்து கழுத்தை அசைக்காமல் வைக்கிறோம். தசை மேலும் பலவீனமாகும், நோவு நிலைத்துவிடும். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து நோவுள்ள 180 பெண்களை ஓராண்டு கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களுக்கே நோவு நன்றாகக் குறைந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை நேராகப் பின்னால் இழுங்கள். 5 எண்ணும்வரை நிறுத்துங்கள். 10 முறை.

2. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுங்கள். கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலை அசையக் கூடாது. 5 எண்ணுங்கள். பின்தலையிலும் இரு பக்கமும் இப்படியே, ஐந்தைந்து முறை.

3. பழைய சைக்கிள் டியூப்பைத் தூணில் கட்டி, இரு முனையையும் பிடித்து, முழங்கை பின்னால் போகும்படி இழுங்கள். 10 முறை.

4. கடைசியில் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள்.

மெதுவாகத் தொடங்குங்கள். கொஞ்சம் வலித்தால் பயம் வேண்டாம். மறுநாளும் அதிகமாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். 6 முதல் 12 வாரம் பொறுமை வேண்டும். நோவு குறைந்ததும் விட்டுவிடாதீர்கள். காண்டாவைத் தோள் மாற்றிச் சுமங்கள்.

முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுக்க மட்டும் விடாதீர்கள். அபூர்வமாக, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

கை மரத்துப்போதல், கை கால் பலம் குறைதல், நடை தடுமாறுதல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், காரணமின்றி உடல் மெலிதல் இருந்தால் பயிற்சி வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள். கழுத்து நோவோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வேலையில் விழுந்து அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்; அன்றே ஆபீசிலும் பதியச் சொல்லுங்கள், சொக்சோவுக்கு அது வேண்டும்.

பயிற்சி சரியாக வரவில்லையா? கூச்சப்படாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கூடவே செய்து காட்டுகிறேன். இதற்குக் காசு வேண்டாம். தினமும் பத்து நிமிடம் போதும்.