கண்ணில் வளரும் சதை

வயலிலும் கடலிலும் வெட்டவெளியிலும் நாள்தோறும் உழைப்போர் சிலருடைய கண்களை உற்றுநோக்கினால், கண்ணின் வெண்பகுதியில், மூக்கை அடுத்த பக்கத்தே, குருதிக் குழாய்கள் ஓடும் முக்கோண வடிவான சதையொன்று கருவிழியை நோக்கிப் படர்ந்திருத்தலைக் காணலாம். இதனைப் புரையென மயங்குவோர் பலர். புரை என்பது கண்ணின் உள்ளேயுள்ள வில்லை மங்குவதால் உண்டாவது. இச்சதையோ கண்ணின் மேற்பரப்பில் வளர்வது. மேனாட்டு வைத்தியர் இதனை டெரிஜியம் என்பர். சிறு சிறகு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இந்நோய் வெப்பநாடுகளிலேயே மிகுதி. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 37 பாகை வரையுள்ள நிலப்பரப்பே இதன் உறைவிடம் என 1965ஆம் ஆண்டில் கமரோன் என்னும் கண் வைத்தியர் எடுத்துக்காட்டினார். இலங்கை முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்கும். சூரிய ஒளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்களே இதற்குத் தலையாய காரணம். பக்கவாட்டில் வந்து விழும் ஒளியைக் கருவிழி மூக்குப்பக்க ஓரத்திலே குவிக்கிறது. சதை பெரும்பாலும் அப்பக்கத்தில் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்பர் ஆராய்ச்சியாளர்.

சதை கண்ட அளவிலே கத்தியை நாடவேண்டியதில்லை. சிறிதாய் வளராது நிற்பதை அப்படியே விட்டுக் கவனித்து வரலாம். பார்வை வாயிலாகிய கண்மணியை அது நெருங்கும்போதும், கருவிழியின் வளைவைச் சிதைத்துப் பார்வையை மங்கச் செய்யும்போதும், ஓயாத எரிச்சலைத் தரும்போதும் சத்திரசிகிச்சை வேண்டற்பாலதாகும்.

சதையை அகற்றுவது அரிதன்று. அது மீண்டும் வளராமற் காப்பதே அரிது. பண்டைப் பாரதத்தின் சுசுருதர் இந்நோயை அர்மம் எனப் பெயரிட்டு ஐந்து வகையாகப் பிரித்தார். சதையைக் கொக்கியால் தூக்கி அறுத்தெடுக்கும் முறையைக் கூறியதோடு, எஞ்சியதை அஞ்சனமிட்டுக் கரைக்கவேண்டும் என்றும் அவர் விதித்தார். மிச்சம் விட்டால் தீங்கு என்பது அக்காலத்திலேயே தெரிந்திருந்தது.

1948ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியரான டொம்பிரெயின் ஒரு முறையை விவரித்தார். சதையை நீக்கியபின் அவ்விடத்து வெண்கோளத்தை மூடாது விடுவதே அம்முறை. எளிதாகையால் எங்கும் பரவிற்று. ஆனால், இம்முறையிற் சிகிச்சை பெற்றோருள் நாலில் ஒருவருக்கேனும், சில ஆய்வுகளின்படி பத்தில் எட்டுப் பேருக்கு மேலும், சதை திரும்ப வளர்ந்தது. அவ்வாறு வளர்வது முன்னையதினும் தடித்து, வடுவோடு ஒட்டிக்கொள்வதால், இரண்டாம் சிகிச்சை முதலாவதினும் கடினமாகிறது.

இதனைத் தடுக்க ஸ்ட்ரொன்சியம் கதிர்களைப் பாய்ச்சினர். 1963இல் ஜப்பானியர் மைற்றோமைசின் என்னும் மருந்தைப் பயன்படுத்தினர். இரண்டும் வளர்ச்சியைக் குறைத்தன. எனினும் சிலருக்கு ஆண்டுகள் பல கழிந்தபின்னும் வெண்கோளம் மெலிந்து கரைந்து, கண்ணுக்கே ஆபத்து நேர்ந்தது. ஆதலால் இன்று மைற்றோமைசினை மிக்க எச்சரிக்கையோடு, அளவறிந்தே வழங்குவர்.

1985ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கென்யனும் அவர் குழுவினரும் வேறு வழியை வெளியிட்டனர். சதையையும் அதன் அடியிலுள்ள நார்த்திசுவையும் நீக்கியபின், அதே கண்ணின் மேலிமைக்குக் கீழேயுள்ள மெல்லிய சவ்வில் ஒரு துண்டை எடுத்து, வெறுமையான இடத்திலே பதித்துத் தைப்பதே அது. 57 கண்களில் மூன்றில் மாத்திரமே சதை திரும்பிற்று. கருவிழியின் ஓரத்திலுள்ள மூல உயிரணுக்கள் வயலின் வரம்பு போன்றவை. வரம்பு உடைந்தால் அயல்நீர் உட்புகுதல் போல, அவை கெட்ட இடத்திற் சவ்வு கருவிழிமேற் படர்கிறது. ஒட்டுச் சவ்வு அவ்வரம்பைத் திரும்பக் கட்டுகிறது என்பது அறிஞர் விளக்கம்.

பின்னர்த் தையலுக்குப் பதிலாகக் குருதியின் உறைபொருளாகிய பைபிரின் பசையால் ஒட்டும் முறையும் வந்தது. இதனால் நேரமும் வலியும் குறைகின்றன. எடுத்தற்குப் போதிய சவ்வு இல்லாதவர்க்குப் பனிக்குடச் சவ்வைப் பதிப்பர். ஆயினும் சொந்தச் சவ்வின் ஒட்டே பொதுவாகச் சிறந்த பலன் தருவது. அகற்றிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்புதலும் நன்று. புற்றுநோய் சில வேளைகளில் இவ்வுருவில் மறைந்திருக்கும்.

சத்திரசிகிச்சை முடிந்தவுடன் கடமையும் முடிந்துவிடாது. வைத்தியர் தந்த சொட்டு மருந்தை வாரக்கணக்கில் ஒழுங்காக இடவேண்டும், தானாக நிறுத்தலாகாது. சதை திரும்புவதாயின் பெரும்பாலும் முதலாண்டிலேயே தலைகாட்டும். ஆகவே அக்காலத்திற் கண்ணைக் காட்டி வருதல் அவசியம். அகன்ற விளிம்புத் தொப்பியும், ஊதாக் கடந்த கதிர்களைத் தடுத்துப் பக்கங்களையும் மறைக்கும் கண்ணாடியும் வெயிலில் உழைப்போர்க்கு ஆடம்பரமல்ல. சிகிச்சைக்கு உடன்படுமுன், எம்முறையாற் செய்யப்படும், சதை திரும்பாதிருக்க யாது செய்யப்படும் என்று வைத்தியரைக் கேட்டறிதல் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை.